அகதி முகாமில் உயிர் காப்பது எது?

எங்கோ ஒரு நாட்டில் மக்கள் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள் என்று செய்தி வந்தால், நம் மஹல்லாக்களில் துஆ செய்கிறோம், வசூலும் செய்கிறோம். அந்தப் பணம் அங்கே எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது. ரோஹிங்கியா மக்களின் அனுபவம் இதற்குத் தெளிவான பாடம்.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களிலேயே மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். குண்டடி பட்டு வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் மருத்துவர்களை அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது முகாமின் நெரிசல். மூங்கிலும் தார்ப்பாயுமான குடிசைகள் நெருக்கியடித்து நின்றன. கழிப்பிடங்களுக்குப் பக்கத்திலேயே அடிபம்புகள் இருந்தன. காலரா புகுந்தால் முகாமே தாங்காது.

ஆகவே நோய் வரும் வரை காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று, 9 லட்சம் தவணை மருந்துடன், வாய்வழி காலரா தடுப்பு மருந்து கொடுக்கும் பணி தொடங்கியது. அஞ்சியபடி பெரும் காலரா அப்போது பரவவில்லை.

ஆனால் இன்னொரு நோய் முந்திக்கொண்டது. நவம்பரில் தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா தலைகாட்டி, ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. பெரும்பாலும் குழந்தைகள். நம் ஊரில் ஒன்றரை மாதக் குழந்தைக்கே போடத் தொடங்கும் சாதாரணத் தடுப்பூசி ராக்கைனில் அவர்களில் பலருக்குக் கிடைத்ததே இல்லை. நோய் முற்றினால் தர வேண்டிய நச்சு முறிவு மருந்தோ உலகம் முழுவதிலும் கொஞ்சம்தான் கையிருப்பு இருந்தது. வந்த பின் மருந்து தேடுவதைவிட வருமுன் ஊசி போடுவது எவ்வளவு மலிவு என்பதை அந்த முகாம் காட்டியது.

மலிவான மருத்துவத்தின் வலிமைக்கு முந்தைய சான்றும் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனதால், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளியின் உறவினர்களே ஊட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இன்று நம் வீடுகளில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பயனை உலகுக்கு மெய்ப்பித்தது அந்த முகாம்தான்.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியவை:

• வீட்டில் மீந்த மாத்திரைகளைத் திரட்டி அனுப்ப வேண்டாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. பொருந்தாத மருந்தைப் பிரிப்பதும் அழிப்பதும் அங்குள்ளவர்களுக்குக் கூடுதல் சுமை.

• பணமாகக் கொடுப்போம். முறையாகப் பதிவு பெற்று, கணக்கை வெளியிடும் அமைப்பா என்று பார்த்துக் கொடுப்போம்.

• செய்தி ஓய்ந்த பிறகும் கொடுப்போம். தடுப்பூசி, குடிநீர், கழிப்பிடம், பிரசவ கவனிப்பு எல்லாம் ஆண்டு முழுவதும் தேவைப்படுபவை.

அறுவை சிகிச்சைக் கூடத்தின் படம் நம் மனதை உருக்குகிறது. முகாமில் கழிப்பிடம் கட்டுவதைப் படமெடுத்துப் பகிர்பவர் குறைவு. ஆனால் ஒரு குழந்தையை நோயே அண்டாமல் காப்பதும் உயிர் காப்பதுதான். நம் ஸதகாவில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ்.