பின் இருக்கைக்கு யார் பொறுப்பு?

ஜனவரி 12, 2025 முதல் புதுச்சேரியில் ஹெல்மெட் கட்டாயம் என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த பிறகு வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஹெல்மெட்டைப் பற்றியவை அல்ல. வண்டியை நிறுத்தினால் இன்சூரன்ஸையும் கேட்பார்களே என்று பீரோவிலிருந்து பாலிசியை எடுத்துப் பார்த்தவர்களின் கடிதங்கள் அவை. தேர்டு பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

முதலில் அறிவிப்பைப் பற்றிச் சுருக்கமாக. இது புதுச் சட்டம் அல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு எப்போதும் இருந்தது. அமல்தான் வருவதும் போவதுமாக இருந்தது. 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண்பேடி தெருவில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார். முதலமைச்சராக இருந்த நாராயணசாமி ஆளுநர் மாளிகை முன் தர்ணாவில் உட்கார்ந்தபோது சொன்ன காரணங்களில் ஹெல்மெட்டும் ஒன்று. அதனால் 2025 அறிவிப்பு வந்தபோதும் சில வாரங்களில் கெடுபிடி தளர்ந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். தளரலாம். ஆனால் காவலர் கை காட்டாமல் விடுவதால் சட்டம் தளர்ந்துவிடாது. விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயம் பார்ப்பது சட்டத்தையும் பாலிசியையும் மட்டுமே.

இனி அந்தக் கேள்வி. ‘இன்சூரன்ஸ் இருந்தால் பாதுகாப்பு’ என்கின்றன அரசு விளம்பரங்கள். யாருக்குப் பாதுகாப்பு என்று அவை சொல்வதில்லை. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டியை மட்டும்தான்: உங்கள் வண்டி இடித்த சைக்கிள்காரர், நடந்துபோனவர், எதிரே வந்த வண்டிக்காரர். எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் செல்லுபடி ஆகிறது என்று வருவதற்கும் அவ்வளவுதான் பொருள். நீங்கள் அதில் இல்லை. உங்கள் வண்டியும் இல்லை. பலருக்கும் தெரியாதது, உங்கள் பின்னால் உட்கார்ந்து வருபவரும் அதில் இல்லை என்பது.

மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருவர் வில்லியனூர் சாலையில் போகிறார். வேகத்தடை கண்ணில் படாமல் வண்டி சறுக்கி, மனைவிக்குத் தலையில் அடி. எதிரே வேறு வண்டி இல்லை. வேறு வண்டியின் தவறாக இருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும். அங்கே சிக்கல் இல்லை. தன் வண்டியின் தவறு என்னும்போதுதான் பள்ளம் தெரிகிறது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் நிறுவனம் கைவிரிக்கும்; சட்டமும் அதன் பக்கம்தான். தனியார் இருசக்கர வாகனத்தின் பின் இருக்கையில் கட்டணமின்றி வருபவருக்குச் சட்டக் கட்டாயப் பாலிசி பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. இழப்பீடு கேட்பதென்றால் மனைவி கணவர் மீதுதான் வழக்குப் போட வேண்டும். கொடுப்பதும் அந்த வீட்டுப் பணம்தான்.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று மக்கள் சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் கதை மாறுகிறது. அதன் பொறுப்புப் பகுதியில் ‘வாகனத்தில் பயணிப்போர் உட்பட’ என்று வருகிறது. நிறுவனங்கள் இதையும் நீதிமன்றங்களில் மறுத்துவந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டு, பேக்கேஜ் பாலிசியில் பின் இருக்கைக்காரர் அடக்கம் என்று தெளிவுபடுத்திய பிறகுதான் வாதம் அடங்கியது. 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இரண்டு பாலிசிகளையும் பிரித்துக் காட்டியது.

என்னை உறுத்துவது இந்த ஏற்பாடுதான். பின்னால் இருக்கும் மனிதருக்கான காப்பை, மட்கார்டுக்கும் ஹெட்லைட்டுக்குமான காப்போடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி பழசாகிவிட்டது, கீறல் விழுந்தால் விழட்டும் என்று நினைப்பவர் ஃபுல் இன்சூரன்ஸை விட்டுவிடுகிறார். அவர் கணக்குப் போட்டது தகரத்துக்கு. அதோடு மனைவிக்கும் மகளுக்கும் இருந்த காப்பும் போய்விடுகிறது. இதை எடுத்துச் சொல்லும் ஏஜென்ட் அரிது. சாலையோரம் குடை விரித்து இன்சூரன்ஸ் போடுபவர்கள் பெரும்பாலும் விற்பதும் தேர்டு பார்ட்டியைத்தான்.

2018 செப்டம்பர் 1க்குப் பிறகு வாங்கிய வண்டிகளில் இன்னொரு முடிச்சு உண்டு. கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுத் தேர்டு பார்ட்டி கட்டாயமானது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடித்துச் செத்தவர் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றதுதான் காரணம், நல்ல உத்தரவு. ஆனால் ஷோரூமில் பொதுவாகத் தருவது ஐந்து ஆண்டுத் தேர்டு பார்ட்டியோடு ஓராண்டுச் சொந்தச் சேதக் காப்பு, அதாவது உங்கள் வண்டிக்கான காப்பு. இரண்டாம் ஆண்டில் சொந்தச் சேதப் பகுதி முடிந்துபோவது தெரியாமலே பலர் ஓட்டுகிறார்கள். பின் இருக்கைக்குக் காப்பு இருக்கிறதா என்று அறிய உங்கள் பாலிசியின் பொறுப்புப் பகுதியைப் படியுங்கள். ‘பயணிப்போர் உட்பட’ என்று இருக்கிறதா, அல்லது ‘மோட்டார் வாகனச் சட்டத்தின் தேவைக்கு உட்பட்டு’ என்று மட்டும் இருக்கிறதா? இரண்டாவது என்றால் பின் இருக்கை வெளியே. புரியவில்லை என்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வாங்கி வையுங்கள். வாய்ப் பேச்சு தீர்ப்பாயத்தில் நிற்காது.

செலவு? 75 முதல் 150 சிசி வரை ஆண்டுத் தேர்டு பார்ட்டிக் கட்டணம் 2025 தொடக்கத்தில் 714 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 843. சொந்தச் சேதப் பிரீமியம் வண்டியின் இன்றைய மதிப்பைப் பொறுத்தது. மதிப்பு 20,000 ரூபாய்க்கு இறங்கிவிட்ட ஸ்கூட்டருக்குச் சில நூறு ரூபாய்தான் கூடும். மிகப் பழைய வண்டிக்குப் பேக்கேஜ் தர நிறுவனங்கள் தயங்கும், விடாமல் கேளுங்கள். வீட்டில் யாரையாவது தினமும் பின்னால் ஏற்றிச் செல்பவர் அந்தச் சில நூறைச் சேமிக்கவே கூடாது.

பின் இருக்கை போக, வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். 2018க்கு முன் இருசக்கர வண்டிக்கு வெறும் 1 லட்சமாக இருந்தது. இது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். கணவர் பெயரில் ஸ்கூட்டி, ஓட்டுவது மனைவி என்றால், அவர் தானாக விழுந்தால் இந்தப் பணம் வராது. வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் ஆர்.சி. இருப்பது நல்லது.

ஹெல்மெட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் தொடர்பு உண்டா? நேரடியாக இல்லை, ஹெல்மெட் போடாததால் பாலிசி செல்லாமல் போகாது. ஆனால் 194டி பிரிவின்படி தண்டனை 1,000 ரூபாயோடு முடிவதில்லை, மூன்று மாதம் லைசென்ஸும் போகும். அந்த மூன்று மாதத்தில் ஓட்டி விபத்து நடந்தால் 15 லட்சமும் சொந்தச் சேதக் காப்பும் கிடைக்காது. அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்தாலும், கொடுத்ததை உங்களிடம் வசூலிக்கும். அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. பின்னால் வருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்குக் குழந்தை ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும். அந்தக் குழந்தையோடு போகும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுபடி 4,000, சிறைக்கும் இடமுண்டு. கோரிமேடு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனாலும் பாலிசி செல்லும். வண்டியை விற்றும் ஆர்.சி. மாறவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் இன்னும் உரிமையாளர். நோ கிளைம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சேர்ந்தது. பாலிசி முடிந்து 90 நாள் கடந்தால் போய்விடும். பதினெட்டு நிரம்பாத மகனிடம் பைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வெள்ளை நம்பர் பலகை வண்டியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் பாலிசியின் நிபந்தனையை மீறியதாகும். டிஜிலாக்கரில் ஆவணத்தைக் காட்டினால் போதும், காகிதம் வேண்டாம்.