தவணை தீருமுன் பழசாகும் பாட்டுப்பெட்டி

காரோடு: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர் காரோடு. கழக்கூட்டத்தில் தொடங்கும் புறவழிச்சாலை இங்கேதான் வந்து முடிகிறது. அருகே ஒரு பக்கம் பாறசாலை, மறுபக்கம் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஊர்கள் பிரிந்தனவே தவிர, சந்தை பிரியவில்லை. வேலை இந்தப் பக்கம், சொந்தபந்தம் அந்தப் பக்கம் என்று வாழ்வோர் இங்கே ஏராளம். துணியானாலும் பாத்திரமானாலும் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் போய் வாங்கி வருவது இவர்களுக்குப் பழக்கம்.

வாடகை, அரிசி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போகக் கையில் கொஞ்சம் மிஞ்சினால், இந்தக் குடும்பங்கள் ஆசைப்பட்டு வாங்கும் பொருள்களில் பாட்டுப்பெட்டிக்குத் தனி இடம் உண்டு. அந்த நாளில் அது டேப் ரெக்கார்டர். இன்று அது 'புளூடூத்' ஒலிப்பெட்டி. பகலெல்லாம் கல்லும் மண்ணும் சுமந்தவருக்கும், ஆபீசில் கணக்கு எழுதிக் களைத்தவருக்கும் இரவில் இரண்டு பாட்டுக் கேட்பதே ஆறுதல். அதற்காகத் தவணையில் கடன்படவும் அவர்கள் தயங்குவதில்லை.

வருத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. நான்காவது தவணை கட்டப் போகும் நாளில், அதே கடையின் கண்ணாடிக்குள் புதிய மாடல் உட்கார்ந்திருக்கிறது. சத்தம் அதிகம், வசதி அதிகம். விலையோ பழைய மாடலை வாங்கிய அதே விலை. பழைய மாடலின் விலையை அடித்து, குறைத்து எழுதி ஓர் ஓரமாக வைத்திருக்கிறார்கள். வாங்கியவருக்கு மனம் குன்றிப் போகிறது. "ரெண்டு மாசம் பொறுத்திருந்தா என்னவாம்?" என்று வீட்டிலிருந்து வரும் கேள்வி வேறு. இன்னும் எட்டுத் தவணை பாக்கி; பொருளோ அதற்குள் பழசு!

இந்த ஏமாற்றம் நியாயமானதா? இதில் வாங்கியவருக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்? ஆற அமரப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

நஷ்டக் கணக்கு

ஒரு கணக்குக்காக, பெட்டியின் விலை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 வீதம் 12 தவணை. நான்காம் மாதம் புது மாடல் வந்து, பழையதன் விலை 9,500 ஆகிறது. 2,500 ரூபாய் போய்விட்டதே என்று மனம் பதறும். ஆனால் அந்தப் பெட்டியை ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் வைத்துப் பாட்டுக் கேட்டால், மாதத்துக்கு ஆகும் செலவு 200 ரூபாய்தான்.

அதற்கு மாறாக, ஆத்திரப்பட்டு ஐந்தாம் மாதமே அதை 5,000-க்குத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கினால்? ஐந்து மாதம் பாட்டுக் கேட்டதற்கு 7,000 ரூபாய், மாதம் 1,400! புது மாடல் வந்ததால் ஏற்படும் நஷ்டத்தைவிட, அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதால் ஏற்படும் நஷ்டம் பெரிது. நேற்று நன்றாகப் பாடிய பெட்டி, கடையில் புதிது வந்துவிட்டது என்பதற்காக இன்று ஒரு சுருதியும் குறைத்துப் பாடப் போவதில்லை.

ஆனால் இந்த ஆறுதல் எல்லாச் சமயத்துக்கும் பொருந்தாது. பழசாவதில் இரண்டு வகை உண்டு. மாடல் பழசாவது ஒன்று. பாட்டு வரும் வழியே மாறிவிடுவது மற்றொன்று. முன்னது மனவருத்தம். பின்னதுதான் மெய்யான நஷ்டம்.

இசைத்தட்டு முதல் ஒலிநாடா வரை

இதற்குச் சரித்திரமே சாட்சி. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுத்தான் கொள்ளும். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி, மெதுவாகச் சுற்றி ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடும் நீண்ட இசைத்தட்டை வெளியிட்டது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. கம்பெனி 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. பழைய கிராமபோனில் இந்த இரண்டையும் போட முடியாது. வேகமும் வேறு, ஊசியும் வேறு. ஆசையாய்ப் பெட்டி வாங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். இந்தியாவில் மாற்றம் மெதுவாக வந்தது. இங்கே 1960-களிலும் 78 சுற்றுத் தட்டுகள் அச்சாயின. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இந்தியாவில் அந்தத் தட்டில் வெளிவந்தன. பழைய கிராமபோன் வைத்திருந்தவர்களுக்கு அது பல ஆண்டு உயிர்ப்பிச்சை.

பிறகு வந்தது ஒலிநாடா. ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் பொருட்காட்சியில் சிறிய காசெட்டை அறிமுகப்படுத்தியது. மற்றக் கம்பெனிகளும் அதே அளவில் செய்துகொள்ள அனுமதி தந்தது. அதனால் உலகமெங்கும் காசெட் ஒன்றேயாயிற்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் 1970-களிலும் 80-களிலும் கொண்டுவந்த ரேடியோவும் டேப்பும் சேர்ந்த 'டூ-இன்-ஒன்' பெட்டிகள் கேரளத்தின் வீடுகளில் இடம்பிடித்தன. 1980-ல் பாடகர் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கியபின் மலையாளக் காசெட்டுகள் பெருகின. தமிழ்க் காசெட்டுக்கும் எல்லைப்புறத்தில் பஞ்சமில்லை.

அந்தக் காலத்திலும் புதுப்புது மாடல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. இரண்டு காசெட் போடும் பெட்டி வந்தது. தானாகவே பக்கம் திருப்பும் பெட்டி வந்தது. ஆனால் காசெட் மாறவில்லை. ஒற்றைக் காசெட் பெட்டி வைத்திருந்தவரும் புதுப் படப் பாட்டைத் தடையின்றிக் கேட்டார். ரேடியோவுக்குப் போடும் பெரிய டார்ச் செல் பெட்டிக்கடையிலேயே கிடைத்தது. மாடல் பழசானாலும் வழி மாறாததால் அவருக்கு நஷ்டமில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1992-ல் அதே பிலிப்ஸ் கம்பெனி, 'டிஜிட்டல் காசெட்' என்று புதிய ஒன்றை வெளியிட்டது. அது மக்களிடம் எடுபடவில்லை. 1996-ல் கைவிடப்பட்டது. நான்கே ஆண்டு! அதை நம்பிப் பெட்டியும் நாடாவும் வாங்கிச் சேர்த்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் பழைய சாதாரணக் காசெட்டும் பாடும்படி செய்திருந்தார்கள். அந்த ஒரு ஏற்பாடுதான் வாங்கியவர்களை ஓரளவு காப்பாற்றியது. பழையதையும் ஏற்கும் பொருளே பாதுகாப்பான பொருள் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

இன்றைக்கும் அதே கதைதான். 2016-ல் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனிலிருந்து ஹெட்போன் துளையை எடுத்துவிட்டது. வேறு பல கம்பெனிகளும் பிறகு அவ்வழியே போயின. நல்ல விலை கொடுத்து வயர் ஹெட்போன் வாங்கியவர்கள், போன் மாற்றியதும் அதைச் செருக இடமின்றித் தனியாக ஓர் இணைப்பு வயர் வாங்க வேண்டியதாயிற்று.

பாடகர் குழுவின் கீபோர்டு

இந்த வட்டாரத்துத் தேவாலயங்களில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாங்குவது சின்னக் காரியமல்ல. காணிக்கை சேர்த்து, சிட்டி பிடித்து வாங்கும் பொருள் அது. கோயில் திருவிழாக்களில் கானமேளா நடத்தும் குழுக்களுக்கோ அதுதான் பிழைப்பு. வாங்கிய ஆறு மாதத்தில் புது மாடல் வந்தால் குழுவுக்குள்ளேயே குறை சொல்வோர் கிளம்பிவிடுவர்.

அவர்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றுண்டு. 1983-க்கு முன் ஒரு கம்பெனியின் மின் இசைக்கருவி மற்றொரு கம்பெனியின் கருவியோடு சேர்ந்து வேலை செய்வது அரிதாயிருந்தது. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும், அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக 'மிடி' என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். 2013-ல் இருவருக்கும் அதற்காகக் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. அந்த 1983-ல் வெளிவந்த யமஹா டி.எக்ஸ்.-7 கீபோர்டை இன்றைய கம்ப்யூட்டரோடும் இணைத்து வாசிக்கலாம். தமிழில் மிடி என்றால் வறுமை. இந்த மிடியோ வாங்கியவர் பணத்தைக் காத்துக் கொடுத்திருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.-808 என்ற தாளக் கருவி 1980-ல் வந்து 1983-ல் நிறுத்தப்பட்டது. பழசென்று பலர் மலிவாகத் தள்ளிவிட்டதை, கையில் பணமில்லாத அமெரிக்க இளைஞர்கள் பழைய சாமான் கடைகளில் வாங்கினார்கள். அதை வைத்து அவர்கள் உண்டாக்கிய இசை உலகமெங்கும் பரவியது. பின்னாளில் அந்தக் கருவிக்கே கிராக்கி வந்துவிட்டது.

ஏன் முன்கூட்டிச் சொல்வதில்லை?

புது மாடல் வரப்போவதைக் கம்பெனிகள் ஏன் மறைக்கின்றன என்று கேட்கலாம். 1983-ல் அமெரிக்காவின் ஆஸ்பர்ன் கம்ப்யூட்டர் கம்பெனி திவாலானது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் கையிருப்புச் சரக்கை வாங்க ஆளில்லாமல் போனதே காரணம் என்று வியாபார உலகில் இன்றும் சொல்வார்கள். அது மட்டுமே காரணமல்ல என்று மறுப்போரும் உண்டு. ஆனால் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

வாங்கியோரின் குரலுக்கு மதிப்பு கிடைத்ததும் உண்டு. 2007 ஜூன் 29-ல் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 599 டாலர் விலையிருந்த போனை, செப்டம்பர் 5-ம் தேதி 399 டாலராக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுநாளே கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, தம் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் ஈடு தருவதாக அறிவித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்க நமது சட்டத்தில் இடமில்லை. ஆனால் பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

எல்லைப்புறத் தமிழர் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று. 1986-ம் ஆண்டுச் சட்டத்தில், பொதுவாகக் கடைக்காரர் இருக்கும் மாவட்டத்தில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. மார்த்தாண்டத்தில் வாங்கினால் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் தரலாம். காரோட்டில் குடியிருப்பவர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாவிட்டால் வழக்கை நிலைநாட்டுவது கடினம் என்பதையும் மறக்கலாகாது.

வாங்குமுன் சில கேள்விகள்

அட்டைப்பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு முந்திய சரக்கானால், விலை குறைத்துக் கேட்பதில் தவறில்லை. கேரளத்தில் ஓணத்தை ஒட்டியும் தமிழகத்தில் தீபாவளியை ஒட்டியும் கடைகளில் புதுச் சரக்கு குவியும். அதற்குச் சற்று முன் வாங்குவோர், மலிவாய்க் கிடைத்தாலன்றி வாங்காமல் பொறுத்திருப்பது நல்லது.

ஒரே வழியில் மட்டும் பாட்டு வாங்கும் பெட்டியை விட, வயர், பென் டிரைவ், புளூடூத் மூன்றையும் ஏற்கும் பெட்டி நீண்ட நாள் உழைக்கும். உள்ளே இருக்கும் பேட்டரி செத்தால் மாற்ற முடியுமா, உதிரிப் பாகம் பக்கத்தில் கிடைக்குமா, ரிப்பேர் பார்க்க ஆளுண்டா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவணைக் காலம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கடன் தீர்ந்த பொருள் பழசானால் மனம் அவ்வளவு வலிப்பதில்லை.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகு, கடைக் கண்ணாடியை எட்டிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து பாட்டைப் போடுவதே புத்திசாலித்தனம். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்பார்கள் நம் பெரியோர். பெட்டி போன வருடத்ததா, இந்த வருடத்ததா என்று பாட்டுக்குத் தெரியாது. அதைக் கேட்டுக் களைப்பாறும் காதுக்கும் தெரியாது.