அட்ரினல் சந்தேகமும் ஆண்களுக்கான ஹார்மோன் ஊசியும்: எது முதலில்?

நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் "எந்நேரமும் அசதியா இருக்கு" என்று இணையத்தில் தேடினால் ரெண்டு பதில்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டது. இன்னொன்று, அட்ரினல் களைத்துவிட்டது. ரெண்டுக்கும் மருந்து உண்டு, விலையும் உண்டு. ஆனால் ரெண்டும் வேறு வேறு விஷயம், எதை முதலில் பார்க்கிறோம் என்பதில் உயிராபத்து வரைக்கும் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்து மென்பொருள் எழுதுகிறவன். நண்பன் ஒருத்தனுக்காக வாசிக்க ஆரம்பித்து, விடமுடியாமல் தொடர்ந்து வாசித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் ரெண்டு சின்னச் சுரப்பிகள்தான் அட்ரினல். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். அதன் வெளிப்பகுதி மூன்று வகை ஹார்மோன்களைச் செய்கிறது. உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோன்; நோய், காயம், பட்டினி எல்லாவற்றையும் தாங்க வைக்கும் கார்டிசால்; பிறகு டிஎச்இஏ போன்ற பலவீனமான ஆண் ஹார்மோன்கள். இந்தச் சுரப்பி கெட்டுப்போனால் ஆள் மெலிந்து, கருத்து, செத்துப்போவார் என்பதை லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 1855-இல் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

அடிசன் நோய் நிஜம். "அட்ரினல் களைப்பு" என்பது வேறு. அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்ற கைரோபிராக்டர் 1998-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. மன அழுத்தத்தில் உழைத்து உழைத்து சுரப்பி சோர்ந்துவிடுகிறது என்பது வாதம். 2016-இல் பிரேசிலைச் சேர்ந்த ரெண்டு டாக்டர்கள் 58 ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமில்லை என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அசதி பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணமாக இதைக் காட்டுவதுதான் பொய்.

இப்போ அட்ரினல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் சென்சார் சொல்லும், மோட்டார் ஓடும். நிறைந்தால் தானாக நிற்கும். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் சென்சார், அது அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன்தான் கரண்ட், அட்ரினல்தான் மோட்டார், தொட்டித் தண்ணீர் கார்டிசால். இப்போ தினமும் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை ரொப்புகிறீர்கள். மோட்டாருக்கு வேலையே இல்லை. ஒரு வருஷம் ஓடாமல் கிடந்த மோட்டார் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் லாரி வரவில்லை என்றால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு சாப்பிட்டு, சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கு நடப்பது இதுதான். அட்ரினல் வேலை செய்யாமல் போவதற்கு மிக அதிகமாகக் காணப்படும் காரணமும் இதுவே. வீசிங் மருந்து, மூட்டுவலி மாத்திரை, தோலுக்குப் பூசும் களிம்பு கூட இதைச் செய்யும்.

என் கல்லூரி நண்பனுக்கு நடந்ததும் அதுதான். வீசிங்குக்கு ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கி ஒன்றரை வருஷம் சாப்பிட்டான். கைமேல் பலன். முகம் மட்டும் உப்பிக்கொண்டே போனது. வைத்தியர் ஊரைவிட்டுப் போனதும் பொடி நின்றது. மூன்றே வாரத்தில் குமட்டல், அசதி, எழுந்து நின்றால் கண் இருட்டு. "ஆண்கள் நலம்" என்று போர்டு மாட்டிய ஓர் இடத்துக்குப் போனான். சாயந்திரம் நாலு மணிக்கு ரத்தம் எடுத்து, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, டிஎஸ்எச் கொஞ்சம் கூடுதல் என்றார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி, டிஎச்இஏ மாத்திரை, தைராக்சின் மூன்றையும் ஒரு பேக்கேஜாக எழுதிக்கொடுத்தார்கள். கார்டிசால் பார்க்கவே இல்லை. "டேய், இதை ஆரம்பிக்கலாமாடா?" என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு அனுப்பினான். ஹார்மோன் டாக்டரைப் பார்க்காமல் ஒன்றையும் தொடாதே என்றேன்.

அந்தச் சீட்டை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆபத்தானது தைராக்சின். அது உடம்பின் வேகத்தைக் கூட்டும், கார்டிசாலின் செலவையும் கூட்டும். காலியாக இருக்கிற தொட்டியில் இன்னும் நாலு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. கார்டிசால் இல்லாதவருக்கு முதலில் தைராக்சின் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகும் அளவுக்கு நெருக்கடி வரலாம். அதனால்தான் ரெண்டும் தேவைப்பட்டால் கார்டிசால் முதலில், தைராய்டு அப்புறம். தவிர, கார்டிசால் குறைந்தாலே டிஎஸ்எச் லேசாக ஏறும். அதைத் தைராய்டு நோய் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அடுத்து டெஸ்டோஸ்டிரோன். ஆண்களுக்கு அது 95 சதவீதத்துக்கு மேல் விரைகளிலிருந்து வருகிறது. அட்ரினலின் பங்கு சொற்பம். பெண்களுக்குத்தான் அட்ரினல் ஆண் ஹார்மோன்களால் குறிப்பிடத்தக்க வித்தியாசம். டிஎச்இஏ கொடுத்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டி நெறிகள் சொல்வதும் சில பெண்களுக்குத்தான். ஆக, ஓர் ஆணுக்கு அட்ரினல் மட்டும் கெட்டால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி அதற்கு வைத்தியமே இல்லை. கார்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தே குறைந்திருந்தால் சென்சாரை, அதாவது பிட்யூட்டரியைச் சந்தேகப்படவேண்டும். ஸ்டீராய்டும், ஓபியாய்டு வலிமருந்துகளும் இப்படி ரெண்டையும் அமுக்கும். ஊசி போட்டால் விரைக்கு வரும் சிக்னலும் நின்றுவிடும். விந்தணு குறையும். குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் ஊசி போடுகிறார்கள் என்பது எனக்கு ஆறாத கோபம்.

ரத்தம் எடுக்கிற நேரமும் முக்கியம். கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்தில். டெஸ்டோஸ்டிரோனும் காலையில்தான் பார்க்கவேண்டும், அதுவும் ஒருமுறைக்கு இருமுறை. காலைக் கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் ஏறக்குறைய உறுதி. 15, 18-க்கு மேலே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. நடுவில் இருந்தால் ஏசிடிஎச் ஊசி போட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று அரைமணி, ஒருமணி கழித்துப் பார்ப்பார்கள். இன்னொன்று, ஏற்கெனவே பிரெட்னிசலோன் சாப்பிடுகிறவருக்குச் சில சோதனைகளில் கார்டிசால் பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். மருந்தை ஆரம்பித்துவிட்டு அப்புறம் சோதிக்கலாம் என்பது அதனால்தான் சரிவராது. ஆனால் ஆள் மயங்கி விழுகிற நிலையில் சோதனைக்காகக் காத்திருக்கவும் கூடாது, உடனே ஊசி போடவேண்டும்.

நண்பனிடம் ஹார்மோன் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "பொடி, லேகியம் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்பதுதான். காலைக் கார்டிசால் 1.9. ஹைட்ரோகார்டிசோன் காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5. பத்து மாதத்தில் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். அதற்குள் டிஎஸ்எச்சும் டெஸ்டோஸ்டிரோனும் எந்த மருந்தும் இல்லாமல் தன்பாட்டில் சரியாகியிருந்தன.

சுரப்பியே அழிந்துபோனவர்களுக்குக் கதை வேறு, மாத்திரை ஆயுசுக்கும். ஜான் எஃப். கென்னடிக்கு 1947-இல் லண்டனில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கார்டிசோன் புழக்கத்துக்கு வந்திராவிட்டால் அவர் 1961-இல் ஜனாதிபதியாகியிருக்க முடியுமா என்பதே சந்தேகம். அவர் தைராய்டு மருந்தும் டெஸ்டோஸ்டிரோனும்கூட எடுத்துக்கொண்டார், ஆனால் அடியில் கார்டிசால் மருந்து இருந்தது. நம் பக்கத்தில் சுரப்பியை அழிப்பதில் டிபிக்கு இன்னமும் பங்கிருக்கிறது. ஈறு, உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு கருப்பதுதான் அடையாளம். நம் நிறத்துக்கு "வெயில்ல அலைஞ்சான்" என்று விட்டுவிடுவார்கள். கூடவே எடை இறங்கி, உப்பு மேல் ஆசை வந்தால் காத்திருக்கவேண்டாம். பிட்யூட்டரிப் பிரச்சினை என்றால் இந்தக் கருப்பு வராது, ஏசிடிஎச்சே குறைவு என்பதால்.

மாத்திரையில் இருப்பவர்கள் காய்ச்சல் வந்தால் அளவை ரெண்டு மூன்று மடங்கு ஆக்கவேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. டிபிக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் அது கார்டிசாலைச் சீக்கிரம் கரைத்துவிடும். வழக்கமான அளவு போதாமல் போகும் என்பதால், அட்ரினல் மாத்திரை சாப்பிடுவதை டிபி டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.