டிராவும் ஒரு முடிவுதான்

2013 நவம்பர் 9, சென்னை. உலக செஸ் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளையில் மாக்னஸ் கார்ல்சன், கறுப்பில் விஸ்வநாதன் ஆனந்த். ஆனந்தின் குதிரை ராணியைத் தாக்கியது. ராணி பக்கத்துக் கட்டத்துக்கு விலகியது. குதிரை அங்கும் துரத்தியது. ராணி பழைய கட்டத்துக்குத் திரும்ப, குதிரையும் திரும்பியது. அதே நிலை மறுபடி வரவே, 16ஆவது நகர்த்தலோடு ஆட்டம் டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி. முதலில் நகர்த்தும் வாய்ப்பு வெள்ளைக்கு என்பதால், கறுப்பில் ஆடியவருக்கு இது நல்ல தொடக்கம்.

டிரா பல வழிகளில் வரும். இருவரும் ஒப்புக்கொள்ளலாம். ஒரே நிலை மூன்று முறை வந்தால் கோரலாம். காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் இருவரும் 50 நகர்த்தல்கள் ஆடியிருந்தாலும் கோரலாம். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த எந்தக் காய்க்கும் வழியில்லை என்றால் அது ஸ்டேல்மேட். ராஜாவும் ஒற்றைக் குதிரையும் தனி ராஜாவை எதிர்த்து நின்றால் மேட் செய்யவே முடியாது, அதுவும் டிரா.

சமநிலையைக் காப்பது எளிதல்ல. 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய 14 ஆட்டங்களில் 9 டிரா. கடைசி ஆட்டமும் அப்படித்தான் முடியும் என்று தோன்றியது. குகேஷ் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். உலகப் பட்டம் குகேஷுக்குப் போனது. டிரா வேண்டுமென்றால் கடைசி நகர்த்தல்வரை கவனம் வேண்டும்.

குவேக்கர்ஸ் ஹில் போன்ற சிட்னியின் மேற்குப் புறநகர்களிலிருந்து பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப்போகும் பெற்றோரே, அவர்களுக்கு இரண்டு விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். டிரா கேட்பதானால், காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துமுன் கேட்க வேண்டும். தன் அடுத்த நகர்த்தலால் ஒரே நிலை மூன்றாம் முறை வரும் என்றால், அதை ஆடாமல், நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில் எழுதி நடுவரிடம் கோர வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் உரிமை போய்விடும்.

பிள்ளை டிராவோடு வெளியே வந்தால், “ஏன் ஜெயிக்கல?” என்று கேட்காதீர்கள். எழுதிய தாளை வாங்கி, தோல்வி எந்த இடத்தில் தடுக்கப்பட்டது என்று சேர்ந்து பாருங்கள். அந்த அரைப் புள்ளியும் உழைத்துப் பெற்றதுதான்.