மியூனிச் மாநகரம் லினக்சுக்கு மாறிய வரலாறு

கணினி ஒன்றை வாங்குவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொறியையே வாங்குவதாக எண்ணுவர். அப்பொறியை இயங்கச் செய்வது பணிசெயல் முறைமை எனப்படும் அடிப்படை மென்பொருளாகும். விசையை அழுத்தியவுடன் எழுத்துத் திரையில் தோன்றுவதும், எழுதியவை வட்டிற் பதிவாவதும், அச்சுப்பொறி தாளில் அச்சிடுவதும் அதன் ஏவலாலேயே நிகழ்கின்றன. வணிக நிறுவனம் ஒன்றின் முறைமையைப் பணங்கொடுத்துப் பெறுவோர்க்குக் கிடைப்பது அதனைப் பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே. அதனை ஆக்கியோர் எழுதிய கட்டளைகளின் தொகுதியாகிய மூலக்குறிமுறை அவர்க்குக் காட்டப்படுவதில்லை. குறை கண்டவிடத்துத் தாமே திருத்திக்கொள்ளவும் இயலாது. இம்முறைமைக்கு இனி ஆதரவு இல்லை என்று நிறுவனம் ஒருநாள் அறிவிக்குமாயின், வாங்கியவர் அடுத்த பதிப்பை வாங்குதல் வேண்டும்; அப்பதிப்புப் பழைய பொறியில் இயங்காதாயின் பொறியையும் புதிதாக வாங்குதல் வேண்டும்.

இந்நிலையினின்றும் விடுபடும் வழியைத் தேடியோருள் முதன்மையானவர் அமெரிக்கரான ரிச்சட் ஸ்ரோல்மன். எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள முழுமையான முறைமை ஒன்றை ஆக்கப்போவதாக அவர் 1983 ஆம் ஆண்டில் அறிவித்தார். அம்முயற்சிக்குக் குனூ என்பது பெயர். அதற்கு வேண்டிய பல உறுப்புகள் எழுதப்பட்டுவிட்டபோதும், நடுவே நின்று யாவற்றையும் இயக்கும் கருப்பகுதி நெடுங்காலம் அமையாதிருந்தது. 1991 ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோவால்ட்ஸ் என்பார் எழுதி வெளியிட்ட லினக்ஸ் அக்குறையை நிரப்பியது. ஆங்கிலத்தில் இலவசம், சுதந்திரம் என்னும் இரு கருத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் இம்மென்பொருள்களைப் பற்றி ஆங்கில உலகில் ஓயாத மயக்கம் நிலவுகின்றது. தமிழில் அம்மயக்கத்துக்கு இடமில்லை. லினக்ஸ் பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கின்றதாயினும், ஸ்ரோல்மன் வற்புறுத்தியது விலையின்மையையன்று, உரிமையையே ஆகும். மியூனிச் மாநகரின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

ஜேர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகராகிய மியூனிச்சின் மாநகர நிருவாகத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 14,000 மேசைக் கணினிகள் இருந்தன. அவை 1996 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. 4.0 என்னும் முறைமையில் இயங்கின. அம்முறைமை மாநகருக்குப் போதுமானதாயிருந்தது; ஆயினும் 2004 ஆம் ஆண்டின் முடிவோடு மைக்ரோசொப்ற் நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தவிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை, ஆக்கியோன் வகுத்த காலக்கணக்கு ஒன்றுக்காக மாற்றவேண்டிய நிலை பலருக்கு எரிச்சலை ஊட்டியது. மாநகர சபை, விண்டோசின் அடுத்த பதிப்புக்குச் செல்வதா, லினக்சுக்கு மாறுவதா என ஆராய வல்லுநர் அறிக்கை ஒன்றைப் பெற்றது.

செய்தி வெளியே பரவியதும் மைக்ரோசொப்ற்றின் தலைவராயிருந்த ஸ்ரீவ் பால்மர், 2003 மார்ச்சில் சுவிற்சர்லாந்தில் தாம் கழித்துக்கொண்டிருந்த பனிச்சறுக்கு விடுமுறையை இடைநிறுத்தி, மாநகர முதல்வர் கிறிஸ்ரியன் ஊடவை நேரிற் சந்திக்க மியூனிச் வந்தார். விலையும் இறங்கியது. 3 கோடி 66 இலட்சம் டொலராயிருந்த கேள்வித்தொகை 2 கோடி 37 இலட்சமாகக் குறைக்கப்பட்டதென அந்நாட் பத்திரிகைகள் எழுதின. ஐ.பி.எம். நிறுவனமும் சூசே நிறுவனமும் சேர்ந்து லினக்சுக்காக முன்வைத்த தொகை அதனிலும் ஒரு கோடிக்கு மேல் அதிகம் என்பதும் அவை தந்த செய்தியே. எனினும் 2003 மே 28 ஆம் நாள் சபை லினக்சையே தேர்ந்தது. இது சிக்கனத்தை நாடிய தீர்மானமன்று. ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருத்தல் தகாது என்னும் கொள்கைக்காகக் கூடிய விலை கொடுக்கவும் சபை ஆயத்தமாயிருந்தது. வரிப்பணத்தைச் செலவிடும் அமைப்பொன்று இங்ஙனம் துணிதல் அரிது.

இத்திட்டத்துக்கு லிமுக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. 2004 ஜூனில் சபை விரிவான திட்டத்தை ஏற்றது. அவ்வாண்டு ஓகஸ்ற்றில், மென்பொருட் காப்புரிமை பற்றிய ஐரோப்பியச் சட்ட முயற்சியால் எழுந்த ஐயத்தினால் வேலை சிறிது காலம் தடைப்பட்டுப் பின் தொடர்ந்தது. 2006 ஆம் ஆண்டிலேயே முதற் கணினிகள் லினக்சுக்கு மாறின. இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்போர், பணிசெயல் முறைமையை மாற்றுவதே வேலையின் பெரும்பகுதி என எண்ணுகின்றனர். அஃது உண்மையில் எளிய பகுதியாகும். கடினமானவை அலுவலக ஆவணங்களே.

மாநகரின் திணைக்களம் ஒவ்வொன்றும் பல்லாண்டுகளாகத் தனக்கென மாதிரிப் படிவங்களையும் மக்ரோக்களையும் ஆக்கிவைத்திருந்தது. மக்ரோ என்பது யாதெனில், ஓர் ஆவணத்தினுள்ளே பொதிந்து கிடந்து, பெயரை நிரப்புதல், தொகையைக் கூட்டுதல், கடிதத்தைப் பலருக்கும் தனித்தனி ஆக்குதல் முதலிய வேலைகளைத் தானே செய்யும் சிறு செய்நிரலாகும். இவை மைக்ரோசொப்ற்றின் வேர்ட் மென்பொருளுக்குரிய மொழியில் எழுதப்பட்டவை. ஓப்பின் ஒபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் அவை அப்படியே இயங்கா. எழுதியவர் இளைப்பாறிச் சென்றிருக்கலாம். அந்த மக்ரோ என்ன செய்கின்றதென்பதை அறிந்தோர் அலுவலகத்தில் ஒருவரும் இல்லாதிருக்கலாம். ஒரே கடிதத் தலைப்பை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக அமைத்திருந்தது. வணிக மென்பொருளின் பிடி எங்கே இருக்கின்றதென்பது இவ்விடத்திலேயே புலனாகும். அனுமதிப்பத்திர விலையில் அஃது இல்லை. பயன்படுத்துவோர் தாமே உழைத்து அதன்மேற் கட்டியெழுப்பிய பழக்கங்களிலும் படிவங்களிலும் இருக்கின்றது.

இதற்கு மாநகரப் பொறியியலாளர் கண்ட பரிகாரம் வொல்முக்ஸ் என்னும் செய்நிரல். உத்தியோகத்தரின் பெயர், அலுவலக முகவரி, தொலைபேசி இலக்கம் என்பவற்றைப் பொதுத் தரவிலிருந்து தானே எடுத்துக் கடிதத் தலைப்பில் இடுவதும், படிவங்களை நிரப்ப உதவுவதும், நகரெங்கும் ஒரே மாதிரியான ஆவணங்கள் எழச் செய்வதும் அதன் தொழில்கள். 2008 ஆம் ஆண்டில் அதனைக் கட்டற்ற மென்பொருளாக மாநகரம் உலகுக்கு வெளியிட்டது. பிறரிடம் வாங்கியே பழகிய மாநகர சபையொன்று மென்பொருளை ஆக்கி வழங்கும் நிலைக்கு உயர்ந்தமை இத்திட்டத்தின் விலைமதிப்பற்ற பேறு எனலாம். ஏனோ அதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

2013 டிசெம்பரில் திட்டம் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டபோது, 15,500 கணினிகளுள் 14,800க்கு மேற்பட்டவை லினக்சில் இயங்கின. தொடக்கத்தில் வைத்த இலக்கு இதனிற் குறைந்ததே. எஞ்சியவை, விண்டோசிலன்றி ஓடாத தனித்துறைச் செய்நிரல்களுக்காக விட்டுவைக்கப்பட்டன. திட்டத்தால் ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சமானதாக மாநகரம் 2012 இற் கணக்குக் காட்டியது. மறுவருடம் மைக்ரோசொப்ற்றுக்காக எச்.பி. நிறுவனம் செய்த ஆய்வு, லினக்சுக்கு 6 கோடி யூரோ செலவாயிற்றென்றும் விண்டோசாயின் 1 கோடி 70 இலட்சத்துடன் முடிந்திருக்குமென்றும் கூறியது. அவ்வாய்வு ஒப்பீட்டுக்கு எடுத்தது 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யை. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரிலில் முடியவிருந்தது என்பதை நோக்குமிடத்து, அக்கணக்கின் பெறுமதி தானே விளங்கும்.

2014 இல் ஊட பதவி நீங்க, டீற்றர் றைற்றர் மாநகர முதல்வரானார். தாம் மைக்ரோசொப்ற்றை விரும்புபவர் என அவர் மறைக்கவில்லை. உத்தியோகத்தரிடமிருந்து முறைப்பாடுகளும் எழுந்தன. வெளியிலிருந்து வரும் வேர்ட் ஆவணங்களின் அமைப்புக் குலைந்து தோன்றியது. சில மென்பொருட் பதிப்புகள் பழையனவாயிருந்தன. இக்குறைகள் கற்பனையல்ல. ஆயின் அவற்றுட் பல லினக்சினால் விளைந்தவை அல்ல என்பதும் மறைக்கற்பாலதன்று. 2016 இல் அக்செஞ்சர் நிறுவனம் அளித்த அறிக்கையே, கணினிப் பணி பல பிரிவுகளிடையே சிதறிக்கிடக்கும் நிருவாக அமைப்பில் முக்கிய இடர்ப்பாடுகள் உள்ளன என்றது. அந்நிறுவனமோ மைக்ரோசொப்ற்றுடன் கூட்டாக வேறொரு நிறுவனத்தை நிறுவியிருந்தது. அதே ஆண்டு மைக்ரோசொப்ற் தன் ஜேர்மன் தலைமையகத்தை மியூனிச் நகரினுள் மாற்றியது. இதனையே காரணமாகக் கூறுவோரும் உளர்; கூற்றுக்கு அப்பால் நிரூபணம் எதுவும் காட்டப்படவில்லை.

2017 நவம்பரில் சபை விண்டோஸ் 10க்குத் திரும்பத் தீர்மானித்தது. ஏறத்தாழ 29,000 கணினிகளுக்கு 4 கோடி 93 இலட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் தோற்றதென அன்று பலர் எழுதினர்.

அம்முடிபு அவசரமானதென்பதற்கு அயல்நாடே சான்று. பிரான்சின் தேசிய ஜண்டார்மரி எனப்படும் காவற்படை 2005 ஆம் ஆண்டில் ஓப்பின் ஒபிசை ஏற்றது. அடுத்து இணைய உலாவியையும் மின்னஞ்சற் செய்நிரலையும் கட்டற்றனவாக மாற்றியது. இவையெல்லாம் விண்டோசின் மேலேயே நிகழ்ந்தன. வீரர்கள் புதிய செய்நிரல்களிற் கைதேர்ந்தபின், 2008 இல், அடியிலிருந்த விண்டோசை எடுத்துவிட்டு உபுந்து என்னும் லினக்ஸ் வகையை வைக்கத் தொடங்கினர். விண்டோஸ் விஸ்ராவுக்கு மாறினாலும் பயிற்சி வேண்டும். பயனோ சிறிது என்பது அவர்கள் கண்ட கணக்கு. திரையிலுள்ள சிறு படங்களும் விளையாட்டுக்களுமே பெரிய வேறுபாடு என்று அப்படையின் அதிகாரி ஒருவர் வேடிக்கையாகக் கூறினார். 2024 ஜூனில் அப்படையின் கணினிகளில் நூற்றுக்கு 97 லினக்சில் இயங்கின. மேலிருந்து கட்டளை பிறந்தால் கீழ்வரை செல்லும் படையமைப்பு அவர்களுக்கு வாய்த்திருந்ததும், தேர்தல்தோறும் மாறும் சபை மியூனிச்சுக்கு வாய்த்திருந்ததும் கருதத்தக்கன.

ஜேர்மனியிலும் கதை முடியவில்லை. 2020 மே மாதத்தில் மியூனிச்சின் புதிய ஆளுங் கூட்டணி, இயன்றவிடமெல்லாம் கட்டற்ற மென்பொருளைக் கொள்வதாக உடன்படிக்கை எழுதியது. வடக்கே ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்ரைன் மாநில அரசு, 2024 ஏப்ரிலில் 30,000 கணினிகளை லிப்ரே ஒபிசுக்கு மாற்றுவதாகவும் பின்னர் லினக்சுக்குச் செல்வதாகவும் அறிவித்தது. முதலில் அலுவலகச் செய்நிரல், பின்பு பணிசெயல் முறைமை என்னும் அவ்வொழுங்கு பிரெஞ்சுப் படை சென்ற வழியே. மியூனிச் பெரும் பொருள் கொடுத்துத் திரும்பிச் சென்ற விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ற் 2025 ஒக்ரோபர் 14 ஆம் நாள் நிறுத்தியது. அதன் பின் வந்த விண்டோஸ் 11, குறித்த பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை.