மகனின் மாணவர் விசாவும் வாப்பாவின் கடை முதலும்

என்னிடம் வியாபார விடயமாகப் பேச வருகின்றவர்களில் பலர் அண்மைக் காலமாக வேறொரு கேள்வியையும் கேட்கின்றனர். "மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பப் பார்க்கிறேன். முதல் வருஷ பீஸை மட்டும் கட்டினாப் போதும், மிச்சத்தை அவன் அங்கே வேலை செஞ்சு கட்டிக்குவான் என்கிறாங்க. சரி வருமா?" என்பதே அக்கேள்வி. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவரும் கேட்கிறார், ஊரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருப்பவரும் கேட்கிறார். சிலர் இதற்காகக் கடையின் முதலை எடுக்கத் தயாராகி விட்டனர். ஒருவர் கடை அறையையே விற்பதற்கு விலை பேசிக் கொண்டிருந்தார்.

நமது பிள்ளைகள் வெளிநாட்டில் உயர்கல்வி பெறுவது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு கொள்கலன் சரக்கு இறக்குவதற்கு முன்னர் பத்துத் தடவை கணக்குப் போடும் நாம், அதைவிடப் பெரிய தொகையை மகனின் விசாவில் போடும்போது முகவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி இறங்கி விடுகிறோம். ஆகவே இவ்வாரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாணவர் விசா தொழில் விசா அல்ல

முதலில் விளங்கிக் கொள்ள வேண்டியது இதுதான். மாணவர் விசாவில் வேலை செய்வதற்கு வழங்கப்படுவது ஒரு சலுகை மாத்திரமே. அதற்கு மணித்தியால வரையறை உண்டு. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மட்டத்தில் பயிலும் மாணவர், பல்கலைக்கழகத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் வரை வேலை செய்யலாம். பட்ட மட்டத்துக்குக் கீழான பாடநெறி என்றால் 10 மணித்தியாலங்கள்தான். விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம். ஆனால் ஒரு வருட முதுமாணிப் படிப்பில் கோடை காலம் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம். அது பெரும்பாலும் விடுமுறையாகக் கணிக்கப்படுவதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2025 ஏப்ரலில் அங்கு 21 வயதும் அதற்கு மேற்பட்டோருக்குமான ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக நிர்ணயிக்கப்பட்டது. 20 மணித்தியாலத்துக்கு 244.20 பவுண். வருடத்தில் 50 வாரங்கள் ஒரு நாளும் தவறாமல் வேலை கிடைத்தாலும் 12,210 பவுண். மறுபுறம், 2025 நவம்பரில் அந்நாட்டு உள்துறை அமைச்சு விசாவுக்காகக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவை லண்டனில் மாதம் 1,529 பவுணாகவும் லண்டனுக்கு வெளியே 1,171 பவுணாகவும் உயர்த்தியது. பன்னிரண்டு மாதத்துக்கு முறையே 18,348 பவுணும் 14,052 பவுணும் வருகின்றன. சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் சாப்பாடு, வாடகைக்கே போதாது. கல்விக் கட்டணத்தை இன்னும் இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.

"அவன் கட்டிக்குவான்" என்பது சரி வராது என்று நான் சொல்வது இதனால்தான். பகுதி நேர வேலை கைச்செலவுக்கு உதவும். கட்டணத்துக்கு உதவாது.

வியாபாரிகளின் பிள்ளைகள் அறிய வேண்டியது

நமது பிள்ளைகளுக்கு வியாபாரம் இரத்தத்தில் ஊறியது. அங்கே போனதும் இங்கிருந்து ஆடைகளையோ மாணிக்கக் கற்களையோ வரவழைத்து விற்றுப் பார்க்கத் தோன்றும். பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழிலும் வியாபாரமும் தடை செய்யப்பட்டவை. வாப்பாவின் கடைச் சரக்கை அங்கு விற்றுக் கொடுப்பதும், சுயதொழிலாளராகப் பதிந்து மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகிப்பதும் விசா நிபந்தனையை மீறுவதாகும். சிக்கினால் விசாவும் போகும், கட்டிய கட்டணமும் போகும்.

பணம் காட்டுவதிலும் வியாபாரிகள் தடுமாறுகின்றனர். முதல் வருடக் கட்டணத்தில் செலுத்தாத மிகுதியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அக்கணக்கு மாணவரின் அல்லது பெற்றோரின் பெயரில் இருத்தல் வேண்டும். கடையின் பெயரிலுள்ள வர்த்தகக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. மேலதிகப் பற்று வசதியும் கணக்கில் எடுக்கப்பட மாட்டாது. ஒரு நாள் மட்டும் மீதி குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஆகவே அந்த 28 நாட்களுக்குள் சரக்குக்குக் காசோலை எழுதும் கணக்கையும் இக்கணக்கையும் ஒன்றாக வைத்துக் கொள்ளாதீர்கள்.

படிப்பு முடிந்த பின்னர்

2012 ஏப்ரலில் பிரித்தானியா படிப்புக்குப் பிந்திய தொழில் விசாவை மூடி விட்டது. அதை நம்பிப் போயிருந்த பலர் வெறுங்கையுடன் திரும்பினர். 2021 ஜூலையில் பட்டதாரி விசா என்ற பெயரில் அவ்வழி மீண்டும் திறந்தது. இதில் இரண்டு வருடங்கள் தங்கி எந்த வேலையும் செய்யலாம், சுயதொழிலும் செய்யலாம். கலாநிதிப் பட்டம் பெற்றோருக்கு மூன்று வருடங்கள். ஆயினும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் ஏனைய பட்டதாரிகளுக்கு இது 18 மாதங்களாகக் குறைக்கப்படுமென 2025இல் அறிவிக்கப்பட்டது. மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு மகனை அனுப்புகின்றவர் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். போகும்போது இருந்த சட்டம் படிப்பு முடியும்போதும் இருக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை.

அமெரிக்காவில் முறை வேறு. எப்-1 மாணவர் விசாவில் முதல் கல்வியாண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாத்திரம், தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்த பின் துறை சார்ந்த பயிற்சிக்காக 12 மாதத் தொழில் அனுமதி கிடைக்கும். விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதத் துறையினருக்கு மேலும் 24 மாதங்கள் நீடிக்கலாம். ஆகவே எந்தப் பாடத்தைத் தெரிவு செய்கிறார் என்பதிலேயே தொழில் அனுமதியின் நீளமும் தங்கியுள்ளது.

பரிமாற்றத் திட்டங்களில் செல்வோருக்கு அங்கு வழங்கப்படுவது ஜே-1 விசா. புல்பிரைட் புலமைப் பரிசிலில் செல்வோரும் இவ்விசாவிலேயே செல்கின்றனர். அரசாங்க நிதியில் செல்வோர் திட்டம் முடிந்ததும் இரண்டு வருடங்கள் தாய்நாட்டில் இருந்த பின்னரே அமெரிக்கத் தொழில் விசாவோ நிரந்தர வதிவிடமோ பெறலாம் என்ற நிபந்தனை இதிலுண்டு. செலவில்லாமல் கிடைக்கும் நல்ல வாய்ப்புத்தான். ஆனால் படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து வாப்பாவின் தொழிலை நவீனப்படுத்த எண்ணுகின்ற பிள்ளைக்கே அது பொருத்தமானது. அதே போன்று ஒரு தவணைக்கு மாத்திரம் பிரித்தானியாவுக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்பவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட வருகையாளர் விசாவில் சென்றால், ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்ய முடியாது.

யப்பான் பாதை

மொழிக் கற்கையின் பெயரில் யப்பான் செல்லும் இளைஞர் தொகை நம் நாட்டில் அதிகம். அங்கு மாணவர் வதிவிட அனுமதியுடன் தனியாக வேலை அனுமதியும் பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலங்கள் வேலை செய்யலாம். இரண்டு இடங்களில் வேலை செய்தாலும் இரண்டும் சேர்ந்தே 28. பாடசாலையின் நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்கள். வகுப்புக்குச் செல்லாமல் வேலைக்கே செல்பவரின் வதிவிட அனுமதி நீடிக்கப்படாது. மாணவர் விசாவில் சென்று, பாடசாலையை இடையில் விட்டதால் அனுமதியை இழந்த இலங்கைப் பெண்ணொருவர் 2021 மார்ச்சில் நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உயிரிழந்தார். அச்செய்தி யப்பானையே உலுக்கியது.

உழைப்பதுதான் நோக்கமென்றால் அதற்கு நேரான வழியுண்டு. 2019 ஏப்ரலில் யப்பான் குறித்த திறன் தொழிலாளர் விசாவை அறிமுகப்படுத்தியது. அதே வருடம் இலங்கையும் அதற்கான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. மொழிப் பரீட்சையிலும் தொழிற்றிறன் பரீட்சையிலும் சித்தியடைந்தால் முழுநேரத் தொழிலாளியாகவே செல்லலாம். படிக்க விருப்பமில்லாத பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கட்டி மாணவர் விசா எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அனுப்ப முன்னர்

முகவர் காட்டும் கல்லூரி அந்நாட்டு அரசாங்கத்தின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். 2012 ஆகஸ்டில் லண்டன் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் அனுமதியே இரத்துச் செய்யப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. பெரிய பல்கலைக்கழகத்துக்கே அந்நிலை என்றால் ஒரு மாடியில் நடக்கும் கல்லூரிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கட்டணத்தை வங்கி ஊடாகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். உண்டியல் மூலமோ முகவரின் கையிலோ கொடுத்தால், விசா மறுக்கப்பட்டு மீளக் கேட்கும்போது காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு இருக்காது.

நாணய மாற்றையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. அதற்கு முந்திய வருடம் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் பட்டபாடு நமக்குத் தெரியும்.

கடை அறைக்கு விலை பேசியவரிடம் நான் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். மகன் ஒரு சதமும் உழைக்க மாட்டான் என்று வைத்துக் கொண்டு முழுப் படிப்புக்குமான செலவைக் கணக்கிடுங்கள். அந்தத் தொகை கடையின் நடைமுறை முதலைத் தொடாமல் உங்களிடம் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். இல்லையேல் பட்டத்தின் முதல் இரண்டு வருடங்களை இங்கேயே முடித்து, இறுதி வருடத்துக்கு வெளிநாட்டுக்குச் செல்லும் பாடநெறிகளை விசாரித்துப் பாருங்கள். இளைய பிள்ளைகளுக்கும் அந்தக் கடைதான் சோறு போட வேண்டும்.