தண்ணீர் நிறத்தில் ஒரு தோல்

'சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை' என்ற பதிலோடு பலருடைய விசாரணை முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது, சாதாரணக் கட்டிகளிலும் எந்தக் கட்டி என்பது முக்கியம். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில், சிறுமூளை ஓரத்து இடுக்கில் வரக்கூடிய இரண்டைப் பார்ப்போம். அரக்னாய்டு கட்டி, மூளையைப் போர்த்திய மெல்லிய சவ்வுக்குள் தெளிந்த மூளைநீர் தேங்கி நிற்பது. எபிடெர்மாய்டு கட்டி அபூர்வமானது. மண்டைக்குள் வரும் கட்டிகளில் ஏறக்குறைய 1 சதவீதம். கரு உருவாகும் முதல் வாரங்களில் நரம்புக்குழல் மூடும்போது சில தோல் செல்கள் உள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. அங்கேயும் அவை தோலாகவே வாழ்கின்றன, செதிள் உதிர்க்கின்றன. வெளியேற வழியில்லாத செதிள், கெரட்டினும் கொலஸ்ட்ராலுமாக அடுக்கடுக்காகச் சேர்கிறது. வெட்டிப் பார்த்தால் முத்தின் பளபளப்பு.

இந்தச் செதிள் மூட்டை வழக்கமான படங்களில் தண்ணீராகவே வேஷம் போடுகிறது என்பதுதான் விந்தை. சி.டி.யில் இரண்டும் கறுப்பு. எம்.ஆர்.ஐ.யின் டி1 படத்தில் இரண்டும் கருமை, டி2-வில் இரண்டும் வெண்மை. சாயமருந்து ஏற்றினாலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. குட்டை உடைப்பது டிஃப்யூஷன் படம். பிரெஞ்சு மருத்துவர் டெனி லெ பியான் 1980-களில் முன்னெடுத்த இந்த முறை, நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்று பார்க்கிறது. அரக்னாய்டில் தடையில்லை, படம் கறுக்கிறது. செதிள் அடுக்குகளுக்கிடையில் சிக்கிய நீரோ தேரோடும் வீதியில் மாட்டிக்கொண்டவர்போல நகர இடமின்றி நிற்கிறது. எபிடெர்மாய்டு வெளுத்துத் தெரிகிறது. இதை எடுக்க ஓரிரு நிமிடம் போதும்.

இரண்டும் தீங்கற்றவை என்றால் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தொந்தரவு தராத அரக்னாய்டைக் கண்காணித்தால் போதும்; தேவைப்பட்டால் சவ்வில் துளையிட்டு நீரை வடியவிடலாம். எபிடெர்மாய்டில் வடிக்க எதுவுமில்லை. நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் சுற்றிப் படர்ந்த உறையை உரித்தெடுக்க வேண்டும். உள்ளிருப்பது சிந்தினால் கிருமியே இல்லாமல் மூளையுறை அழற்சி வரும். மிச்சம் விட்டால் மெல்ல மறுபடி வளரும். அப்படியானால் இயந்திரமே தீர்ப்புச் சொல்லிவிடுமா? அதுவும் இல்லை. சீழ்க்கட்டியும் டிஃப்யூஷனில் வெளுக்கும். நோயாளிக்குக் காய்ச்சல் இருந்ததா, முகத்தின் ஒரு பக்கம் மின்னலாய் வலித்ததா, காது மந்தமானதா என்று தெரிந்தால்தான் வெண்மைக்குப் பொருள் கிடைக்கும். ஆனால் ஸ்கேன் சீட்டில் 'தலைவலி' என்ற ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்புவது நம்மிடையே பழகிப்போன அலட்சியம். எல்லாத் தலைவலிக்கும் ஸ்கேன் தேவையில்லை. எடுக்கிற ஸ்கேனுக்கு ஒரு தெளிவான கேள்வி தேவை. சந்தேகம் இன்னது என்று மருத்துவர் இரண்டு வரி எழுதினால், படம் பார்ப்பவர் எங்கே தேடுவது என்று அறிவார். அந்த இரண்டு வரிக்குக் கட்டணம்கூடக் கிடையாது.